அப்பா ஒப்புக்கொண்ட குடி

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தைய சாயங்காலம் எங்கள் வீட்டில் உலர்ந்த திராட்சை வேகும். அப்பா எங்கள் தேவாலயத்தின் கோயில்குட்டி. மணி அடிப்பது, பெருக்குவது, விளக்குக் கண்ணாடி துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. திருவிருந்துக்குத் திராட்சை ரசம் தயாரிப்பதும் அவர்தான். நம் சபையில் புளித்த ரசம் கிடையாது. மிஷனரிமார் மதுவின் வாசனையைக்கூட வெறுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் திராட்சையை ஈயம் பூசின பாத்திரத்தில் வேகவைத்து, மல் துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கிண்ணத்தில் ஊற்றுவார் அப்பா. பிழிந்த சக்கை எனக்கும் தம்பிக்கும். விரலிடுக்கெல்லாம் பிசுபிசுக்கும், மறுநாள் பைபிளைத் தொட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும்.

போன மாதம் நம் பழைய மாணவியர் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் எழுப்பி, "நீ படிக்கக் காரணம் யார்?" என்று கேட்டார்கள். "கடவுள் கிருபையும் மிஷனின் தயவும்" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். எல்லோரும் கை தட்டினீர்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிர்வதை நீங்கள் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் கண் மஞ்சள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலே அப்படித்தான். வெயில் காலத்தில் எலுமிச்சைத் தோலைப் போல லேசாக இருக்கும். மழைக்காலம் வந்தால் பழுத்த பனம்பழத்தின் நிறம். உடம்பு மெலிவு, வயிறு மட்டும் வலப்பக்கம் தள்ளி நிற்கும். குளிர் பட்டால் முழங்காலும் இடுப்பும் முறுக்கிக்கொள்ளும். அப்பா கத்தமாட்டார். பாயில் குப்புறப் படுத்து அதன் ஓரத்தைப் பல்லால் கடிப்பார். எங்கள் வீட்டுக் கோரைப் பாய்களுக்கு ஓரமே கிடையாது. அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். மோரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். திருமங்கலத்து வைத்தியர் ஒருவர் காமாலைக்கு என்று முழங்கைக்கு மேலே சூடு போட்டார். சூட்டின் தழும்பு இருந்தது, மஞ்சளும் இருந்தது.

நான் பெண்கள் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பான தேர்டு பாரம் படித்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் போய்வரலாம், மற்றச் சனிக்கிழமைகளில் பெற்றோர் வந்து பார்க்கலாம். அப்பா துவைத்த வேட்டியோடு, இலையில் பொதிந்த வேர்க்கடலை உருண்டையோடு விடுதி வாசலருகே நிற்பார். ஒருநாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி அவர் காதுபடவே கேட்டாள்.

"ஏன்டி, உங்கப்பா கண்ணு என்ன இப்பிடி இருக்கு? கடுவன் பூனை மாதிரி?"

"விளக்குப் புகை" என்றேன். "கோயில்ல அம்புட்டு விளக்கையும் அவரு ஒருத்தர்தான் துடைக்கிறாரு."

அவள் நம்பினாளோ என்னவோ, அப்பா தலையை ஆட்டினார், ஆமாம் புகைதான் என்பதுபோல. அடுத்த வாரத்திலிருந்து கடலை உருண்டையை அம்மாதான் கொண்டுவந்தாள். அப்பா சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பார். வேட்டி நுனி மட்டும் தெரியும். வரச்சொல்லவும் எனக்கு மனமில்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. அறுப்பின் பண்டிகைக்குத் தோரணம் கட்ட விளாங்குடியில் சபையார் ஒருவரின் தோப்பில் தென்னங்குருத்து வெட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அப்பா வெட்டித் தலையில் சுமந்து திரும்பும்போது மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தச் சாலையில் ஒதுங்க இருந்த ஒரே கூரை கள்ளுக்கடைக் கொட்டகை. கடைக்காரர், "உள்ள வாங்கண்ணே, வெறைச்சுப் போவீக" என்று கூப்பிட்டிருக்கிறார். "வேணாம்ண்ணே, இங்கனயே இருந்துக்கிறேன்" என்று அப்பா ஓரக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சமயநல்லூரிலிருந்து வந்த பஸ் ஆள் ஏற்ற அங்கே நின்றது. உள்ளே எங்கள் சபை மூப்பர் இருந்தார். ஜவுளிக் கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தெருத் தெருவாகப் போய்க் குடியை எதிர்த்துப் பேசுபவர். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன கோயில்குட்டி, தோரணம் எங்க கட்டப்போற? கோயில்லயா, இங்கனயா?"

பஸ்ஸே சிரித்ததாம். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பத்தோடு சரிந்து மறுபடி உட்கார்ந்தார். அதற்கு மேல் மூப்பருக்கு என்ன தெரியவேண்டும்?

அடுத்த சனிக்கிழமை ஆலயத்தின் பக்கத்து அறையில் கமிட்டி கூடியது. நான் வீட்டுக்கு வந்திருந்தேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவனுக்கு மூன்று வயது. வாயில் விரலைப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கண்ணப் பாருங்க, வயித்தப் பாருங்க" என்றார் மூப்பர். "என் அண்ணன் இப்பிடித்தான் போனான். இதே கண்ணு, இதே வயிறு. சாகுற அன்னைக்கும் குடிக்கலன்னுதான் சொன்னான்."

"மழைக்கு ஒதுங்கினேங்கய்யா" என்றார் அப்பா.

"ஒதுங்குனவனுக்கு எந்திரிச்சு நிக்க முடியாதோ?"

"கால் வலிங்கய்யா."

"குடிக்கிறவன் எல்லாத்துக்கும் கால்தான்யா வலிக்குது."

யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. போதகர் ஐயா சிரிக்கவில்லை. அவர் நல்லவர், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மெல்லிய குரலில் பேசினார்.

"இங்க பாருப்பா. நீ ஒத்துக்கிட்டா சபை மன்னிக்கும். கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு எல்லாரோடயும் வந்து உட்காரலாம். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். இல்லவே இல்லன்னு நின்னா நான் எதை மன்னிக்கிறது?"

தவறு செய்தவனுக்குக் கொடுக்க எங்கள் சபையிடம் எவ்வளவோ இருந்தது. செய்யாதவனுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சபை ஊழியரின் பிள்ளை என்பதால் பள்ளியில் என்னிடம் படிப்புக்குச் சம்பளம் வாங்குவதில்லை. அப்பா ஊழியராக இல்லாவிட்டால் நான் விடுதியில் இல்லை. கூரை ஒழுகுகிற ஏதாவது ஒரு வீட்டில் பஞ்சு பிரித்துக்கொண்டிருப்பேன்.

அன்று ராத்திரி வீட்டில் நடந்த பேச்சை, விடுதிக்குத் திரும்பிவிட்ட நான் கேட்கவில்லை. வெகுநாள் கழித்து அம்மா சொன்னாள்.

"செய்யாததச் செஞ்சேன்னு சொல்லுவீகளா? சாமிக்கு முன்னாலயா?" என்று கேட்டாளாம்.

"சாமிக்குத்தான் தெரியும்ல? மூப்பருக்குத்தான தெரியல. அவருக்குச் சொல்றேன்" என்றாராம் அப்பா. "புள்ள படிச்சு முடிக்கட்டும், கழுத."

மறுநாள் ஞாயிறு. விடுதிப் பெண்கள் நாங்கள் வெள்ளைத் தாவணியில் முன்வரிசைகளில் பாயில் உட்கார்ந்திருந்தோம். பிரசங்கம் முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மணிக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு அவர் சபைக்கு முன்னால் வந்து நின்றார். தினமும் அவரே பெருக்குகிற இடம்.

"குடிச்சேன். இனிமே குடிக்கமாட்டேன்."

"பின்னால கேக்கல" என்றது ஒரு குரல்.

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். அப்போது சபைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மூப்பர் எழுந்து ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்; தன் அண்ணனுக்காகத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். அந்தக் கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பலகாரம் அதற்கு முன் எந்த வருஷமும் வந்ததில்லை. முறுக்கும் அதிரசமும் ஓலைப் பெட்டி நிறைய வந்தன. எல்லோரும் அப்பாவிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். ஒருவர் கொஞ்சம் கோபமாக இருந்திருந்தால்கூட எனக்கு மூச்சு விட வசதியாக இருந்திருக்கும்.

நான் அவர் சொன்னதை நம்பினேன். ஆலயத்தில் நின்று யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அப்பா கையால் நீட்டிய அதிரசத்தை, "வயிறு சரியில்ல" என்று சொல்லித் தவிர்த்தேன்.

மார்கழிக் குளிர் ஏறியது. அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. இது பாயைக் கடித்து அடக்குகிற வலி இல்லை. காய்ச்சல், வாந்தி, கண் ஆரஞ்சு நிறம், சிறுநீர் கடுங்காப்பி மாதிரி. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போதகர் ஐயா கூடவே வந்தார். பார்த்தவர் ஒரு துரை டாக்டர்; கப்பலிலிருந்து இறங்கி அதிக நாள் ஆகாதவர், தமிழ் வராது. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கம்பவுண்டர் வேறு வார்டுக்குப் போயிருந்தார்.

நான் சொல்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் ஆச்சரியப்பட்டுச் சிரித்தார். போதகர் ஐயாவின் முகத்தில் பெருமை. எனக்கும்தான்.

டாக்டர் அப்பாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கால் கைகளைப் பிடித்துப் பார்த்தார். எத்தனை காலமாக எலும்பு வலி, சின்ன வயதிலும் கண் மஞ்சளா, அண்ணன் தம்பி யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சின்ன வயதிலிருந்தே என்று அப்பா சொன்னதை நான் சொன்னதும் அவர் புருவம் சுருங்கியது. அப்பாவின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கண்ணாடித் துண்டில் எடுத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டே, குடிப்பவரா என்று கேட்டார்.

"குடிப்பீங்களான்னு கேக்குறாருப்பா."

அப்பா போதகர் ஐயாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்காக என்ன இருந்தது என்று படிக்க அன்று எனக்குத் தெரியவில்லை.

"குடிச்சேன்னு சொல்லு தாயி."

சொன்னேன். தெளிவாக, வாத்திச்சி சொல்லித்தந்த உச்சரிப்போடு சொன்னேன்.

டாக்டரின் நெற்றி தெளிந்துவிட்டது. கண்ணாடித் துண்டைப் பஞ்சால் துடைத்துத் தட்டில் வைத்தார். குடியால் கல்லீரல் கெட்டிருக்கிறது, இனித் தொடக்கூடாது என்று சொல்லச் சொன்னார். அதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வயிறு சுத்தமாகப் பேதி உப்பு எழுதிக் கொடுத்தார். வயிற்றில் நீர் சேரக்கூடாதாம். தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார்.

உப்பு அவரை வற்றடித்தது. உதடு வெடித்தது. "ஒரு வாய் தண்ணி குடு தாயி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் பேச்சை மீறி அம்மா செம்பை எடுத்தபோது நான் தடுத்தேன். "ஒங்களுக்கு என்னம்மா தெரியும், டாக்டர் எங்கிட்டதான சொன்னாரு" என்றேன். அம்மா செம்பைக் கீழே வைத்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் சொல்கிறேன் அல்லவா?

தைப் பொங்கலுக்கு முன்னால் அப்பா போய்விட்டார். அன்று தேவாலய மணியை அடிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் திணறினார்கள். அது எப்போதும் அடிக்கிறமாதிரி அடிக்கவில்லை.

என் தம்பியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வளர்த்தி குறைந்த, கண் மஞ்சளான பையன். இந்த வருஷம் அவனுக்கு வலி வந்தபோது நம் ஊர்க்காரரான ஓர் இளம் டாக்டரிடம் காட்டினேன். அவனும் விரலில் ரத்தம் கொடுத்தான். அவர் அதைத் துடைக்கவில்லை. பூதக்கண்ணாடிக் கருவியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்களும் பாருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். காசு போல வட்டமாக இருக்கவேண்டிய ரத்த அணுக்களுக்கு நடுவே சில வளைந்து, இரு முனையும் கூராக, கதிர் அறுக்கிற அரிவாளைப் போலக் கிடந்தன. வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் படித்திருக்கிறாராம். நம் பக்கத்தில் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் சிக்கிக்கொள்ளும். எலும்பில் சிக்கினால் எலும்பு வலி, கல்லீரலில் சிக்கினால் கல்லீரல் வீங்கி மெல்ல மெல்லக் கெடும். அணுக்கள் சீக்கிரம் உடைவதால் கண் மஞ்சளாகும். பித்தப்பையில் கல் சேரும். தாய் தகப்பன் வழியாகப் பிறக்கும்போதே வருவது. உடம்பு குளிரக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும்.

"தண்ணீரா?" என்று கேட்டேன்.

"எம்புட்டுக் குடிச்சாலும் நல்லது" என்றார்.

அவர் முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். எங்கள் வீட்டில் சொந்தத்துக்குள்தான் கொடுத்து வாங்குவது. இப்போது என்னையும் அப்படியே கேட்டு வருகிறார்கள். நான் மறுப்பதைப் படித்த திமிர் என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. திமிர் என்றே இருக்கட்டும்.

அப்பா இறந்த அந்த வருஷத்துக்கே திரும்புகிறேன். எங்களைக் கோயில் வளவுக்குள் அப்பாவுக்குக் கொடுத்திருந்த வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மனம் திரும்பி இறந்தவரின் குடும்பம் என்று என் படிப்பையும் நிறுத்தவில்லை. அம்மா பெருக்கும் வேலையைச் செய்தாள். மாசிப் பனியில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியதும் பார்த்தால் அவன் கண் மஞ்சளாகியிருந்தது. குழாயடியில் ஒரு பெண், அம்மா இருப்பது தெரியாமல் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "அப்பன் தான் குடிக்கையில புள்ளைக்கும் ரெண்டு சொட்டு ஊத்தியிருப்பான்."

அம்மா குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் முடிந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார் போதகர் ஐயா. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். தம்பி தோளில் இருந்தான். விதவை நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து போதகர் ஐயா கனிவாகத் தலையை அசைத்தார்.

அம்மா ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள். தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தைச் சபைப் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். அவன் சிணுங்கினான்.

"எல்லாரும் பாருங்க. இவனும் குடிச்சிருக்கான்."

அம்மா அவனை மூப்பர் பக்கம் திருப்பினாள்.

"எந்தக் கடையிலன்னு எனக்குத் தெரியாது. மூப்பரையா பஸ்ஸுல போகையில பாத்திருப்பாரு, அவரச் சொல்லச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா மன்னிப்பீகல்ல? இவனுக்கு இன்னும் பேச்சு சரியா வராது. நான் சொல்லிக்குடுக்கிறேன். ராசா, குடிச்சேன்னு சொல்லு. அய்யாமாருக்குக் கேக்கட்டும், சத்தமா சொல்லு."

தம்பி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மூப்பர் மடியில் விரித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் ஐயா அம்மாவை நோக்கி ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, கரகரத்த குரலில் ஒரு எண்ணைச் சொன்னார்.

சபை எழுந்தது. எங்கள் விடுதி வரிசையும் எழுந்தது. என் தோளின் கீழ் வாத்திச்சியின் கை பட்டது; நானும் எழுந்தேன். எல்லோரும் பாடினார்கள், நானும் பாடினேன். அம்மாவிடம் புத்தகம் இல்லை, இருந்தாலும் படிக்கத் தெரியாது. அவள் எங்கள் எல்லோருக்கும் முகம் காட்டி நின்றுகொண்டு, பாட்டின் ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.